மைன்கிராஃப்டில் வரும் அப்சிடியன் நிஜமான கல்லா? அது அவ்வளவு உறுதியானதா?

கேட்டவர் தன் பையனுக்காகக் கேட்டிருக்கிறார். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் வைரக் குந்தாலியோ (பிக்காக்ஸ்) அதைவிட மேலான ஒன்றோ இல்லாமல் அப்சிடியனை வெட்டி எடுக்க முடியாது, டிஎன்டி வெடி வைத்தாலும் அசையாது. நிஜத்திலும் அப்படித்தானா, பழங்காலத்தில் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது கேள்வி.

நிஜமான கல்தான். உறுதி விஷயத்தில் மட்டும் விளையாட்டு நேர்மாறாகச் சொல்லிவிட்டது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, குவார்ட்ஸ் 7, அப்சிடியன் 5 முதல் 5.5 வரைதான். ஓரத்தில் இன்னொரு கல்லால் தட்டினாலே சில்லு பெயர்ந்து வந்துவிடும். ஆனால் மனிதர்கள் இதை மலையேறியும் கடல் கடந்தும் தேடிப் போனதே அது அப்படி உடைவதால்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அது எப்படி உண்டாகிறது? விளையாட்டில் எரிமலைக் குழம்பின் மேல் தண்ணீர் பட்டால் போதும். நிஜத்தில் தண்ணீர் தேவையே இல்லை. ஹவாய் தீவில் குழம்பு பல முறை நேராகக் கடலில் போய் விழுந்திருக்கிறது. அங்கே கிடைப்பது கருமணல், அப்சிடியன் அல்ல. ஹவாய்க் குழம்பில் சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) குறைவு, அதனால் இளகி ஓடும். அப்சிடியன் ஆவது சிலிக்கா 70 சதவீதத்துக்கும் மேல் உள்ள ரயோலைட் குழம்பு. அது அவ்வளவு கெட்டியாக இருப்பதால், ஆறும்போது உள்ளே இருக்கும் அணுக்களால் நகர்ந்து வரிசையாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. படிகம் இல்லாமல் உறைந்த பொருள் கண்ணாடி. ஆக இது எரிமலை செய்த கண்ணாடி. ஏறக்குறைய அதே சேர்மானம் உள்ள குழம்பு பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக ஆறினால் கிரானைட் ஆகும். வாயு நுரைத்துக்கொண்டு வெளியே வந்தால் பியூமிஸ், அதாவது குதிகால் தேய்க்க விற்கிறார்களே அந்தக் கல்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில். இங்கே பெண்ட் என்ற ஊருக்குத் தெற்கே நியூபெரி எரிமலை இருக்கிறது. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து வழிந்த குழம்பு இன்றைக்கும் பெரிய அப்சிடியன் மேடாகக் கிடக்கிறது. அதன் மேலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேடு முழுவதும் கருப்பாகப் பளபளக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பகுதி சாம்பல் நிற நுரைக்கல். நடுநடுவே ஆளுயரப் பாறைகளில் கரும்பட்டைகள் ஓடும். வெயில் படும்போது அந்தப் பட்டைகளைப் பார்க்கக் கண் கூசும். செருப்போடு வராதீர்கள், நாயைக் கூட்டி வராதீர்கள், பாதம் கிழியும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் செருப்போடு வந்த ஒரு நண்பர் பாதி வழியில் திரும்பிவிட்டார். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கிழக்கே போனால் கிளாஸ் பியூட்ஸ் என்ற மலைப்பகுதியில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் பொறுக்கிக்கொள்ளலாம். அங்கே போகிறவர்கள் கார் டயரைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவார்கள்.

நிறம் எப்போதும் கருப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்கள் கருப்பைத் தருகின்றன. இரும்பு ஆக்ஸைடு கூடினால் செம்பழுப்பு. வெள்ளைப் பூப்பூவாக இருக்கும் வகையில், கண்ணாடிக்குள்ளே கிறிஸ்டோபலைட் என்ற படிகம் வளரத் தொடங்கியிருக்கிறது.

அந்த வெள்ளைப் பூ ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. அப்சிடியன் நிலையான பொருள் இல்லை. மெல்ல மெல்லப் படிகமாக மாறும், ஈரத்தையும் உறிஞ்சும். டைனோசர் காலத்து அப்சிடியன் அபூர்வமாக இருப்பது இதனால்தான். ஈரம் ஏறிய அப்சிடியனுக்குப் பெர்லைட் என்று பெயர். ஆமாம், மாடித்தோட்டக்காரர்கள் தொட்டி மண்ணில் கலக்கும் அதே வெள்ளைப் பெர்லைட்தான். 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி, கல் பல மடங்கு பொரிந்து, எடையே இல்லாத வெள்ளை உருண்டையாகிவிடும். உங்கள் வீட்டு மாடியில் ஏற்கெனவே அப்சிடியன் இருக்கலாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

சில இடங்களில் பெர்லைட் பாறைக்கு நடுவில் ஈரம் எட்டாத கருங்கண்ணாடி உருண்டைகள் மிஞ்சியிருக்கும். அரிசோனாவில் சுப்பீரியர் என்ற ஊரில் கிடைக்கும் அந்த உருண்டைகளை 'அப்பாச்சி கண்ணீர்' என்பார்கள். அமெரிக்கக் குதிரைப்படை சூழ்ந்துகொண்டபோது அப்பாச்சி பழங்குடி வீரர்கள் பிடிபட மனமில்லாமல் மலை உச்சியிலிருந்து குதித்தார்கள், அவர்களுக்காகப் பெண்கள் விட்ட கண்ணீர்தான் கல்லாகியது என்பது அந்த வட்டாரக் கதை.

சரி, உடைவதற்கு வருவோம். படிகம் உள்ள கல்லுக்குள் பெரும்பாலும் இயல்பான பிளவுத்தளங்கள் இருக்கும். நீங்கள் ஒரு பக்கம் தட்டினால் அது தனக்கு வசதியான பக்கம் பிளக்கும். அப்சிடியனுக்குள் அப்படி எந்தத் தளமும் இல்லை. அடிக்கும் கோணமும் விசையும்தான் பிளவு போகும் வழியைத் தீர்மானிக்கின்றன. சிப்பி ஓட்டின் உள்பக்கம் போல வளைவு வளைவாகப் பெயரும். இங்கே கல்லாயுதம் செதுக்கிக் காட்டுகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொடையில் தடித்த தோல் விரித்து, மான் கொம்பின் நுனியால் ஓரத்தை அழுத்துவார்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு ஒளி ஊடுருவும் மெல்லிய செதில் விழும். அடுத்த செதில் எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அழுத்துவார்கள், அங்கேயே விழும். வேலை முடியும்போது விரலில் ரத்தம் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

அந்த ஓரத்தின் கூர் சுமார் 3 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை போகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் அறுவை சிகிச்சைக் கத்தியின் எஃகு ஓரம் பல்பல்லாகத் தெரியும், அப்சிடியன் ஓரம் வழவழவென்று தெரியும். டான் கிராப்ட்ரீ என்ற அமெரிக்கர் பழைய மெக்சிகோவின் கத்தி செய்யும் முறையை மீட்டெடுத்தவர். 1970களில் தன் மார்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது, தான் செய்த அப்சிடியன் கத்திகளையே மருத்துவரிடம் கொடுத்து வெட்டச் சொன்னார். 1993இல் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், முதல் இரண்டு வாரம் அப்சிடியன் வெட்டின் தழும்பு எஃகு வெட்டின் தழும்பைவிடக் குறுகலாக இருந்தது. 21ஆம் நாளில் வித்தியாசம் தெரியவில்லை. இணையத்தில் பலர் அந்தக் கடைசிப் பாதியை விட்டுவிட்டுப் பகிர்வார்கள். பக்கவாட்டில் லேசாக அழுத்தினாலும் முனை உடலுக்குள்ளேயே முறிந்துவிடும் என்பதால் மருத்துவமனைகளில் இது பரவவில்லை.

வரலாறு என்று பார்த்தால், எத்தியோப்பியாவின் மெல்கா குந்துரே பகுதியில் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கைக்கோடாரிகளை வரிசையாகச் செய்த பட்டறை கிடைத்திருக்கிறது. கருவிகள் ஏறக்குறைய எல்லாமே அப்சிடியன். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு! துருக்கியின் சாத்தால்ஹூயுக்கில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் இதைத் தேய்த்து மெருகேற்றி முகம் பார்க்கும் கண்ணாடி செய்து, இறந்தவரோடு புதைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை, கல்லின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்த கதை. ஒவ்வோர் எரிமலையின் குழம்பிலும் ரூபிடியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில், அந்த எரிமலைக்கே உரிய விகிதத்தில் இருக்கும். குழம்பு சட்டென உறைவதால் கட்டி முழுவதும் அந்த விகிதம் மாறாது. எங்கே கொண்டுபோய் எப்படிச் செதுக்கினாலும் அழியாது. 1964இல் ஜோ கேன், காலின் ரென்ஃப்ரூ இருவரும் மத்தியதரைக் கடல் பகுதி அப்சிடியனை இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு தொல்லியலாளர்களுக்கு ஒரு சில்லு கிடைத்தாலே அது எந்த மலையில் பிறந்தது என்று சொல்ல முடிகிறது. பானையை உள்ளூரில் அச்சு அசலாக நகலெடுத்துவிடலாம், பாணி கைமாறலாம். இந்தக் கல் அப்படி ஏமாற்ற விடாது.

அதனால் தெரியவந்தவை கொஞ்ச நஞ்சமில்லை. கிரேக்க நிலப்பகுதியில் ஃபிராங்க்தி குகையில் கிடைத்த சில்லுகள் மீலோஸ் தீவிலிருந்து வந்தவை. அந்தத் தீவுக்குக் கடல் தாண்டாமல் போக வழியில்லை. ஆக சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பே, விவசாயமே தொடங்காத காலத்தில், அங்கே படகு விட்டிருக்கிறார்கள். அந்தப் படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை, சரக்கு கிடைத்துவிட்டது. ஜப்பானில் கோசுஷிமா தீவுக் கல் சுமார் 38,000 ஆண்டுகளுக்கு முன்பே பெருநிலத்துக்கு வந்திருக்கிறது. பப்புவா நியூ கினியின் தலசேயா கல் மலேசியாவின் சபா மாநிலத்தில், புக்கிட் தெங்கோராக் என்ற இடத்தில் கிடைத்தது; இடைத்தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், ஹோப்வெல் என்ற பழங்குடிப் பண்பாட்டின் மண்மேடுகளில் கிடைத்த கற்களில் பெரும்பாலானவை யெல்லோஸ்டோன் எரிமலைப் பகுதியிலிருந்து போனவை.

மெக்சிகோவைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இரும்பு இல்லாத பெரும் நாகரிகங்கள் அங்கே அப்சிடியனை வைத்துத்தான் சமைத்தன, சவரம் செய்தன, போரிட்டன. பச்சூகா மலையில் கிடைத்த பொன்னும் பச்சையும் கலந்து மின்னும் வகைக்கு நல்ல மதிப்பு. ஆஸ்டெக்குகளின் மக்குவாவிட்ல் என்ற ஆயுதம், தட்டையான மரத்தடியின் இரு விளிம்பிலும் அப்சிடியன் அலகுகளைப் பதித்தது. ஆஸ்டெக்குகளை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் படையில் இருந்த பெர்னால் டியாஸ், அதன் வெட்டில் ஒரு குதிரையின் தலை தோலில் தொங்கியதாக எழுதி வைத்திருக்கிறார். அசல் என்று அறியப்பட்ட கடைசி மக்குவாவிட்ல் 1884இல் மாட்ரிட் அரண்மனை ஆயுதசாலைத் தீயில் எரிந்துபோனது. ஒரு திருத்தம்: நரபலிக்கு அப்சிடியன் கத்திதான் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஆஸ்டெக் தலைநகரமான டெனோச்டிட்லானின் பெருங்கோயில் அகழாய்வில் கிடைத்த பலிக்கத்திகள் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. நெஞ்செலும்புக் கூட்டோடு மல்லுக்கட்டும் வேலைக்கு அப்சிடியன் தாங்காது. பக்தர்கள் தம் காதையோ நாக்கையோ குத்தி ரத்தம் காணிக்கை தர அது பொருத்தம்.

கதைகளில் ஆஸ்டெக்குகளுக்கு இது கத்தியைவிட முகம் பார்க்கும் கண்ணாடியாகவே முக்கியம். டெஸ்காட்லிபோகா என்ற தெய்வத்தின் பெயருக்கே புகையும் கண்ணாடி என்று பொருள். ஒரு கால் இழந்த அந்தத் தெய்வத்துக்குப் பாதம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியை வரைவார்கள். தூலா நகரத்தை ஆண்ட கெட்சால்கோவாட்லிடம் அவர் போய், "உன் உடம்பைக் காட்டுகிறேன்" என்று கண்ணாடியை நீட்டுகிறார். வீங்கிய இமையும் குழிவிழுந்த கண்ணுமாகத் தன் முகத்தைப் பார்த்த அரசன், மக்கள் இதைப் பார்த்தால் ஓடிவிடுவார்கள் என்று நடுங்குகிறான். பிறகு மது, அவமானம், நாட்டைவிட்டுப் போதல் என்று கதை சரிகிறது. கண்ணாடி செய்தது உள்ளதைக் காட்டியது மட்டும்தான். இறந்தவர் மிக்ட்லான் என்ற பாதாளத்துக்குப் போகும் வழியில் அப்சிடியன் அலகுகளாக வீசும் காற்றைத் தாண்ட வேண்டும் என்றும் நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் பாதிரியார் பதிவு செய்த ஒரு வழக்கம் உண்டு: இரவில் கதவுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஓர் அப்சிடியன் கத்தியைப் போட்டு வைப்பார்கள், வீட்டுக்குள் நுழையும் சூனியக்காரன் அதில் தன் உருவத்தைப் பார்த்து ஓடிவிடுவானாம். நம்மூரில் வாசலில் கண்ணாடி மாட்டும் வீடுகள் நினைவுக்கு வருகின்றன.

அந்தக் கண்ணாடிகளில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து அறிஞரும் ஜோதிடருமான ஜான் டீ, ஆவிகளோடு பேச வைத்திருந்தது என்று சொல்லப்படும் கண்ணாடி. 2021இல் மேலே சொன்ன தனிம முறையில் சோதித்தார்கள். பச்சூகா கல் என்று தெரிந்தது.

கடைசியாக, கருத்துப் பகுதியில் வாங்குவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. எதிர்மறை ஆற்றலை உறிஞ்சும் என்று ஆன்லைனில் விற்கும் கைவளையம் எதையும் உறிஞ்சாது. ஆனால் கல் அழகுதான், பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள். நீலமாகக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் 'அப்சிடியன்' பெரும்பாலும் தொழிற்சாலைக் கண்ணாடி. கருப்பு மணியில் அசலையும் சாதாரணக் கருங்கண்ணாடியையும் வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம், அதனால் அதிக விலை தராதீர்கள். பையனுக்கு வாங்குவதென்றால் மெருகேற்றிய உருண்டைக் கல்லாக வாங்குங்கள். உடைத்துப் பார்த்தே தீருவேன் என்றால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையில் தடித்த உறை, வீட்டுக்கு வெளியே, கீழே பழைய போர்வை விரித்து. அந்தப் போர்வையை அப்புறம் உதறாமல் அப்படியே சுருட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள்.