கோத்தகிரி ஊற்று: போர்வெல் போடும் முன் ஒரு கணக்கு

மாசி பிறந்தாலே ஊற்று மெலிகிறது, 40 வீடு, 160 பேர், 20 லிட்டர் வாளி நிறைய 3 நிமிடம், போர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் நண்பரே.

3 நிமிடத்துக்கு ஒரு வாளி என்றால் நாளுக்கு 9,600 லிட்டர். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் வைத்தாலும் 8,800தான் வேண்டும். ராத்திரி முழுக்க ஓடைக்குப் போவதைப் பிடிக்கத் தொட்டி இருக்கிறதா? 5,000 லிட்டரில் ஒன்று கட்டுங்கள், விடியற்காலை வரிசை பாதியாகும்.

நம் மலையில் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. விரிசலில் பட்டால்தான் போரில் தண்ணீர். அதே விரிசல்தான் ஊற்றையும் ஊட்டுகிறது என்றால் இரண்டும் போச்சு. எங்கள் ஊரில் அப்படித்தான் ஆனது. இப்போது லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம்.

அப்புறம், ஊற்றுக்கு மேலே ஏறிப் பாருங்கள். சதுப்பை வடித்து கேரட் போட்டிருக்கிறார்களா? கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நெருங்கி நிற்கின்றனவா? ஊற்றுக்கு வர வேண்டிய தண்ணீர் அங்கேயே குறைந்துவிடும். பஞ்சாயத்தில் பேச வேண்டியது அதைத்தான்.

15 நாளுக்கு ஒரு முறை அதே வாளியை வைத்து அளந்து, தினசரி காலண்டரில் எழுதுங்கள். ஐப்பசி மழை பொய்த்து, தையிலேயே 4 நிமிடம் ஆனால் ஆளுக்கு 45 லிட்டர்தான். முறை வைத்து விடுவதை அன்றே தொடங்கிவிடுங்கள், பங்குனி வரை காத்திருக்க வேண்டாம்.