பைக்ல போறப்போ ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் ஏன் குளிருது?

மூணாவது ஸ்வெட்டர் வாங்கறதுக்கு முன்னாடி காத்த நிறுத்தப் பாருங்க. துணி தானா சூடு குடுக்காதுங்க, சூடு உண்டாக்குறது நம்ம உடம்புதான், சும்மா உக்காந்திருந்தாலே கிட்டத்தட்ட 100 வாட் வருது. துணியோட இழைகளுக்கு நடுவுல அசையாம நிக்கிற காத்துதான் அந்த சூட்ட வெளிய விடாம புடிச்சு வைக்குது. ஸ்வெட்டர் பின்னல் முழுக்க இடுக்குதான், வீட்டுக்குள்ள சுகமா இருக்கும், ஆனா பைக்ல வேகம் எடுத்ததும் எதிர்காத்து உள்ள பூந்து அந்த சூடான காத்த எல்லாம் அடிச்சுட்டு போயிடும், அப்புறம் எத்தன போட்டு என்ன. வெளிய 0 டிகிரி இருக்கறப்போ 80ல போனா காத்து படுற தோலுக்கு மைனஸ் 10 மாதிரி இருக்கும்.

அதனால மேல காத்து புகாத ஜாக்கெட், அது இல்லன்னா ரெயின்கோட்டாவது போடுங்க. அவசரத்துக்கு நெஞ்சுப் பக்கம் ஜாக்கெட்டுக்குள்ள நியூஸ்பேப்பர் சொருகறது பழைய வித்தை, சிரிக்காதீங்க, நல்லாவே வேலை செய்யும். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு இந்த மூணு எடத்துலயும் சந்து இருக்கக்கூடாது. மஃப்ளர் கட்டுனா முனைய ஜாக்கெட்டுக்குள்ள விட்டுடுங்க, தொங்குனா சக்கரத்துல மாட்டும்.

உள்ள தோல ஒட்டி காட்டன் பனியன் வேணாம், வேர்வைய குடிச்சிட்டு ஈரமாவே கெடக்கும், ஈரம் காத்த விட 20 மடங்குக்கு மேல சூட்ட கடத்திடும். மெரினோ கம்பளி இல்லன்னா பாலியஸ்டர் தெர்மல், அதுக்கு மேல ஃப்ளீஸ், அதாவது புசுபுசுன்னு இருக்குற செயற்கை இழைத் துணி, ஆனா ஜாக்கெட் புடிக்கிற மாதிரி திணிக்காதீங்க, அமுங்குனா உள்ள காத்து நிக்க எடமே இருக்காது.

எல்லாரும் வெரலு மரத்துப்போகுதுன்னு கிளவுஸ மட்டும் மாத்துறாங்க. நெஞ்சு வயிறு குளிர்ந்தா உடம்பு கை கால் ரத்தக்குழாய சுருக்கி சூட்ட உள்ளயே வச்சுக்கும், அப்போ எவ்ளோ நல்ல கிளவுஸ் போட்டாலும் வெரலு ஐஸ்தான். டைட்டான கிளவுஸ் இன்னும் மோசம், இருக்குற ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும், பிரேக் புடிக்க வெரலு மடங்கலன்னா அது குளிர் பிரச்சனையோட நிக்காது. நீண்ட தூரம்னா பைக் பேட்டரியில ஓடுற 12 வோல்ட் ஹீட்டட் வெஸ்ட் (கரண்ட்ல சூடாகுற கையில்லாத ஜாக்கெட்) இருக்கு, என் சாய்ஸ் அதுதான், நெஞ்சு சூடா இருந்தா கைக்கு ரத்தம் தானா வரும், ஆனா உங்க பைக்கோட சார்ஜிங் அதத் தாங்குமான்னு மெக்கானிக்க கேட்டுட்டு வாங்குங்க, சின்ன பைக்ல பேட்டரி எறங்கிடும்.