மிதக்கும் நல்ல தண்ணீர்

அன்புள்ள அய்யா,

நானும் மனைவியும் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வேதாரண்யம் பக்கம் 3 ஏக்கர் வாங்கித் தற்சார்பாக வாழ நினைக்கிறோம். கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், மணல்மேடு. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தோம். 12 அடியிலேயே தண்ணீர், இளநீர் மாதிரி இருந்தது. "போர் போட்டால் மூன்று ஏக்கருக்கும் பாயும், உப்பு வந்தால் ஜிப்சம் போட்டுக்கலாம்" என்கிறார் தரகர். எங்கள் கவலை வேறு. வெளியூர்க்காரர்களை ஊர் ஏற்றுக்கொள்ளுமா? மகளுக்கு 7 வயது.

க., பெங்களூரு

அன்புள்ள க.,

ஊர் ஏற்றுக்கொள்ளும். நல்லது கெட்டதுக்குப் போய் நில்லுங்கள், போதும். வேதாரண்யம் நகராட்சி, பள்ளிக்கூடத்துக்கும் பஞ்சமில்லை. குழந்தையை முன்னிட்டு இத்தனை யோசிக்கிறீர்களே, அந்த அக்கறையில் பாதியைத் தண்ணீர்மேல் வைத்திருக்கக் கூடாதா?

பொங்கலுக்குப் போயா தண்ணீர் பார்ப்பது! வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த கையோடு அங்கே எந்தக் கிணறும் இளநீர்தான். ஆவணிக் கடைசியில், புரட்டாசியில் போங்கள்.

மணல்மேட்டில் பெய்த மழை உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்நீர் நல்லநீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனம். அதனால் நல்லநீர் மட்டம் கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்லநீர். கேட்கச் சுகமாக இருக்கிறதல்லவா? திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து அந்த 1 அடியை இறக்கினால், உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். போர்க்குழாய்க்கு நேர் கீழே கூம்பு மாதிரி எழும்பும். அன்றைக்கே வராது, அதுதான் ஏமாற்று. முதல் கோடை நன்றாகப் போகும், அடுத்ததும் போகலாம். பிறகு கத்தரி இலையின் ஓரம் கருகும். மோட்டாரை நிறுத்தினாலும் உப்பு ஏறின வேகத்தில் இறங்காது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இருக்கிற கிணற்றில் ஒரு மணி நேரம் இறையுங்கள். தொடக்கத்தில் ஒன்று, பிறகு 15 நிமிடத்துக்கு ஒன்று என்று ஐந்து முறை அளந்து எழுதுங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் என்றால் எதுவும் வரும். 2,000-ஐத் தாண்டினால் காய்கறியை மறந்துவிடுங்கள். ஆனால் எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். 600-இல் தொடங்கி 900-இல் முடிந்தால், மேலே இருக்கும் நல்லநீர் அடுக்கு மெல்லியது என்று பொருள். பணத்தை மடித்துப் பைக்குள் வையுங்கள்.

எண் அசையாமல் நின்றாலும் போர் வேண்டாம். 3 அடி விட்டத்தில் உறைகிணறு, நீர்மட்டத்துக்குக் கீழே 5, 6 அடியோடு நிறுத்துங்கள். ஒன்று போதாதென்றால் ஆழப்படுத்தாதீர்கள். தள்ளித்தள்ளி மூன்று இறக்கி, அரைக் குதிரைத்திறன் மோட்டாரால் முறைவைத்து இறையுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினாலே அரை ஏக்கருக்கு 10,000 லிட்டர். மூன்று ஏக்கருக்கு 60,000. அந்தக் கணக்கைத் தரகர் போட்டாரா? அரை ஏக்கரில் காய்கறி வையுங்கள். மீதி நிலம் முந்திரி, மா, சவுக்கு, பனை என்று மழையை நம்பி இருக்கட்டும்.

பக்கத்து நிலத்தில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறதா, இறால் குட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்லநீருக்கு வேலி கிடையாது. நீங்கள் போர் போட்டு அடுத்த வீட்டுக் கிணறு உப்பானால், அப்போது கேளுங்கள் ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்று.

ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து, உவர் நிலத்துக்கு அல்ல. களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அதைப் பெயர்க்கும். உவரில் கரைந்த உப்பு; அதை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். பாய்ச்சுகிற தண்ணீரே உப்பு என்றால் எதைக்கொண்டு கழுவுவீர்கள்? மரம் வைக்கிற இடத்தில் 1, 2, 3 அடி ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்து, தண்ணீரோடு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

பட்டா, வில்லங்கம், கோயில் நிலமா என்பதெல்லாம் வழக்கறிஞர் வேலை. உப்பங்கழி ஓரமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும், அதையும் அவரிடமே கேளுங்கள். வீடு கட்டினால் எம்30 தரக் கான்கிரீட், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட். உப்புத்தண்ணீரில் கலவை போட்டால் கம்பி துருப்பிடித்துத் தளம் வெடிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எந்த வழியாகக் கரை ஏறியது என்று உங்களுக்கே தெரியும். தென்னையை மட்டும் நம்பாதீர்கள்.

புரட்டாசியில் எடுத்த அந்த ஐந்து எண்களை எழுதி அனுப்புங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.