இளையோர் நாவலில் எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: பதினான்கு, பதினைந்து வயதினருக்காக ஒரு நாவல் எழுதுகிறேன். அதில் நாயகியின் தோழி தற்கொலைக்கு முயல்கிறாள். அந்தப் பகுதியையே எடுத்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதே தவிப்பில் இருக்கும் பிள்ளைக்கு, தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிவதே பெரிய ஆறுதல். ஆனால் அந்த அத்தியாயத்தை வரிவரியாகப் படியுங்கள். எப்படிச் செய்தாள் என்று காட்டும் வரி எதுவானாலும் அடித்துவிடுங்கள்: பொருள், அளவு, இடம், எழுதிவைத்த கடிதத்தின் வாசகம். ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் வழிகாட்டுதலும் இதுதான். ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் 'இளம் வெர்தரின் துயரங்கள்' நாவல் 1774-இல் வெளிவந்தபோதே, தற்கொலை செய்துகொள்ளும் அதன் நாயகனைப் பின்பற்றி இளைஞர்கள் உயிரை விடுகிறார்கள் என்ற அச்சம் எழுந்தது. 1974-இல் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் இந்தத் தொற்றுக்கு அந்த நாயகன் பெயரையே வைத்தார்: 'வெர்தர் விளைவு'.

முறையைச் சொல்லாமல் விட்டாலும் கதை சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அவள் சாகக் கிடந்த பிறகு எல்லோரும் அழுகிறார்கள், கொடுமை செய்தவன் திருந்துகிறான், அவள் அருமை அப்போதுதான் புரிகிறது. உயிரைப் பணயம் வைத்தால்தான் மதிப்பார்கள் என்று கதையே கற்றுக்கொடுத்துவிடுகிறது! 'மார்க் குறைந்தது, அதனால்' என்று ஒற்றைக் காரணம் காட்டுவதும் உண்மையல்ல. பல காரணங்கள் சேர்ந்துதான் ஒருவரை அங்கே தள்ளுகின்றன.

மிச்சமாகும் பக்கங்களை, அவள் மீண்டு வந்ததற்குக் கொடுங்கள். யாரிடம் சொன்னாள், எந்த வார்த்தையில் ஆரம்பித்தாள், முதலில் கேட்டவர் திட்டியபோது அடுத்து யாரைத் தேடிப் போனாள். விவரம் இங்கேதான் வேண்டும். 2010-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்று, இக்கட்டைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்திருந்ததைக் கண்டது. கைப்பிரதியை மனநல ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் உதவி எண் போட்டால், ஒவ்வொரு மறுபதிப்புக்கு முன்பும் அது இயங்குகிறதா என்று அழைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் கதையில் நாயகன் ஒரு வருடம் அவள் பின்னாலேயே அலைகிறான், கடைசியில் அவள் சம்மதிக்கிறாள். இது தவறா?

பதில்: தவறுதான். வேண்டாம் என்றவளை விடாமல் துரத்தினால் வழிக்கு வருவாள் என்றே அந்த முடிவு சொல்கிறது. நடுவில் எத்தனை அறிவுரை வசனம் வைத்தாலும் முடிவுதான் மனதில் நிற்கும். ஒரு அத்தியாயத்தை அவள் பார்வையில் எழுதிப் பாருங்கள்: போகும் வழியை மாற்றுகிறாள், போனை அணைத்து வைக்கிறாள், வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். பிறகு அவன் விலகிப் போவதாக மாற்றுங்கள். மறுப்பை ஒரு பதினாறு வயதுப் பையன் எப்படித் தாங்கிக்கொள்கிறான் என்பதில் ஒரு நாவலுக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது.