நவம்பர் 1: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளின் பள்ளியில் தமிழ்நாடு நாள் ஜூலை 18 என்கிறார்கள். என் அப்பாவோ நவம்பர் 1 என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: அரசு அறிவிப்பின்படி மகள். ஆனால் அப்பாவிடம் நியாயம் இல்லாமல் இல்லை. 2019இல் நவம்பர் 1-ஐத்தான் அரசு கொண்டாடியது. 2021இல்தான் ஜூலை 18 என்று மாற்றினார்கள். 1967இல் அந்த நாளில்தான் பெயர் மாற்றத் தீர்மானத்தை அண்ணா சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று. அடுத்த மாதம் 3ஆம் தேதி அண்ணா மறைந்துவிட்டார்.

என்னைக் கேட்டால், 1956 நவம்பர் 1 மாநிலத்தின் எல்லை வகுத்த நாள். பெயர் வைத்த நாள் அன்று. பெயர் மாற்றத்தையும் ஒரு கோரிக்கையாக வைத்து விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, புது எல்லையோடு மாநிலம் அமைந்தது. பெயர் மட்டும் பழைய 'மதராஸ்' தான்.

கேள்வி: 1956இல் நமக்கு வந்தது எது, போனது எது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாக வந்து சேர்ந்தன. இதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் கிடைத்தது. தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. அந்த ஆதங்கம் இன்றும் மேடைகளில் கேட்கும். மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடமும் கொள்ளேகாலமும் மைசூருக்கும் போயின. திருத்தணியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நம்மிடம் வந்தது 1960இல்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரும் நவம்பர் 1 தங்கள் நாள் என்கிறார். அவர்கள் 1953லேயே பிரிந்துவிட்டார்களே? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: 1953 அக்டோபர் 1 அன்று பிரிந்தது ஆந்திர மாநிலம். அதற்காக உண்ணாவிரதம் இருந்து பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டது உங்கள் மயிலாப்பூரில்தான். 1956 நவம்பர் 1 அன்று தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது. அவர் சொல்வது அதை.

கேள்வி: புதுச்சேரியிலும் அன்றைக்கே விழாவா? (வாசகர், தாம்பரம்)

பதில்: ஆமாம், ஆனால் ஆண்டு வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.