காந்தப் புயலில் சிற்றலை: கேள்வி பதில்

கேள்வி: பகலில் 41 மீட்டர் பேண்டில் (சுமார் 7 மெகாஹெர்ட்ஸ்) தெளிவாகக் கேட்ட நிலையங்கள் எல்லாம் திடீரென்று காணாமல் போய்விட்டன. பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் காந்தப் புயல்தானே சார்?

பதில்: ஆன்டெனா இணைப்பு சரியாக இருந்தால், சூரியனில் திடீரென எழும் வெடிப்பை, அதாவது சூரியச் சுடரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் எக்ஸ் கதிர் சுமார் 8 நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்தில் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கை அடர்த்தியாக்கிவிடும். அந்த அடுக்கு அலையை உறிஞ்சும். அலைவெண் குறையக் குறைய உறிஞ்சல் கூடும். ஆகவே 15, 17 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேறிப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

கேள்வி: புயலிலும் மேலேதான் ஏற வேண்டுமா?

பதில்: இல்லை, கீழே இறங்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய பிழை. சூரியன் வீசும் பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களின் மேகம்) வந்து சேரப் பொதுவாக 1 முதல் 3 நாள் ஆகும். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி நீடித்தால் புயல் வலுக்கும். அப்போது துருவப் பகுதியின் மேல் வளிமண்டலம் சூடாகி, நைட்ரஜன் மூலக்கூறுகள், சிற்றலையைத் தரைக்குத் திருப்பும் எஃப்2 அடுக்கின் உயரத்துக்கு ஏறும். அங்கே எலக்ட்ரான்கள் வேகமாக அழியும். அவை குறைந்தால் அடுக்கு திருப்பும் உச்ச அலைவெண்ணும் குறையும். செங்குத்தாகப் போகும் 9 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்பிய அடுக்கு, நீண்ட பாதையில் ஏறக்குறைய 3 மடங்கு, அதாவது 27 வரை திருப்பும். அந்த 9 என்பது 6 ஆனால் 18தான் எல்லை. 21 மெகாஹெர்ட்ஸ் அலை விண்வெளிக்கே போய்விடும். எத்தனை வாட் கூட்டினாலும் திரும்பாது. 10 அல்லது 7-க்கு மாறுங்கள்.

கேள்வி: கே.பி. 6 என்று காட்டுகிறது. அணைத்துவிட்டுப் படுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கே.பி. என்பது காந்தக் கொந்தளிப்புக்கான 3 மணி நேர உலக அளவு. 5-லிருந்து புயல், உச்சம் 9; 2024 மே 10, 11-இல் அந்த உச்சத்தைத் தொட்டது. ஆனால் உங்கள் பாதையின் நிலையை அந்த எண் சொல்லாது. துருவத்தை ஒட்டிய பாதைகள் முதலில் சாகும். அதற்கு முன் குரல் படபடவென்று நடுங்கும். நிலநடுக்கோட்டைக் கடக்கும் வடக்கு தெற்குப் பாதைகள் பல நேரம் தாக்குப்பிடிக்கும். புயலின் தொடக்கத்தில் எஃப்2 வலுத்து, மேல் பேண்டுகள் சில மணி நேரம் திறப்பதும் உண்டு.

கேள்வி: என் பாதையை நானே சோதிக்க வழி?

பதில்: ரேடியோவை மோர்ஸ் (சி.டபிள்யூ.) முறையில் வைத்து, 14.100 மெகாஹெர்ட்ஸில் 3 நிமிடம் கேளுங்கள். உலகெங்கும் உள்ள 18 வழிகாட்டி நிலையங்கள் ஆளுக்கு 10 நொடி வரிசையாக ஒலிக்கும். நிலையத்தின் அடையாளமான அழைப்புக் குறியை அடுத்து நான்கு நீள ஒலிகள்: 100, 10, 1, 0.1 வாட். மூன்றாவதும் கேட்டால் பாதை அருமை. முதலாவது மட்டும் கேட்டால் நூலிழையில் நிற்கிறது. பிறகு 18.110, 21.150, 24.930, 28.200 என்று ஏறுங்கள். எதில் ஒலி அறுகிறதோ அங்கேதான் உங்கள் மேல் எல்லை. ஒரு நிலையம் பழுதாகியும் மௌனமாக இருக்கலாம். அதே திசையில் இன்னொன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.