ஆடியில் கூலி குறைகிறது, செலவு குறையவில்லை

கேள்வி: கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. நான் வீட்டில் தையல். மாதம் ₹24,000 வரும். ஆடி மாதிரி ஆர்டர் இல்லாத சமயத்தில் ₹13,000-தான். இரண்டு பவுன் நகை ₹90,000-க்கு மாதம் 2 வட்டியில் அடகுக்கடையில் இருக்கிறது. மாதம் ₹2,000 ஏலச்சீட்டு கட்டுகிறோம். ஆத்திர அவசரம் என்றால் மறுபடியும் வட்டிக்குத்தான் ஓடுகிறோம். என்ன வழி? (வாசகி, சேலம்)

பதில்: முதலில் நகையைக் கவனியுங்கள். மாதம் 2 வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். மாதாமாதம் ₹1,800 போகிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 10 சதவீதத்தில் கிடைத்தால் ₹750 போதும். ₹1,050 மிச்சம். மாற்றும்போது சிக்கல் வருவது, நகையை மீட்க ஒரு நாளைக்கு மொத்த ரொக்கம் வேண்டும் என்பதில்தான். கைமாற்று வாங்குவதற்கு முன்பே அடகு ரசீதைக் காட்டி வங்கியில் எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள். கல் எடையைக் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள். தொகை குறைந்தால் கைமாற்று கழுத்தில் நிற்கும்.

அந்த ₹1,050-உடன் தையல் வரவில் ₹700 சேர்த்தால் வாரம் ₹400 ஆகிறது. சனிக்கிழமை கூலி வந்த கையோடு எடுத்து வைத்துவிடுங்கள்; மாதக் கடைசிவரை பணம் தங்காது. 15 வாரத்தில் ₹6,000: ஒரு காய்ச்சலுக்கும் அந்த வாரக் கூலி இழப்புக்கும் தாங்கும். 60 வாரத்தில் ₹24,000. வேலை மந்தமான இரண்டு மாதத்தில் உங்களுக்குத் துண்டு விழுவது ₹22,000. ஆக, இலக்கு அதுதான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், ஜிபேயில் இணைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைச் செலவு ஆண்டுதோறும் வருவது, அதற்கு இதைத் தொடக் கூடாது.

சீட்டு அவசரத்துக்கு உதவாது. நோய் ஏல நாள் பார்த்து வராது. ₹50,000 சீட்டை ₹12,000 தள்ளி எடுத்தால் கையில் ₹38,000-தான். பதிவு பெறாத சீட்டு என்றால், இது முடிந்ததும் அடுத்ததில் சேராதீர்கள்.

பெரிய அடிக்குச் சேமிப்பு எந்தக் காலத்திலும் போதாது, காப்பீடுதான் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு ₹1,20,000. உங்கள் வருமானம் அதைத் தாண்டுகிறது. அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்ப மருத்துவக் காப்பீடு எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜிஎஸ்டி கிடையாது.

50 வயதுக்குள் இருந்தால் இருவரும் வங்கியில் பிரதமர் பெயரிலான காப்பீட்டுத் திட்டங்கள் ஜீவன் ஜோதி (ஆண்டுக்கு ₹436), சுரக்ஷா (₹20) இரண்டிலும் சேருங்கள். முன்னது எந்தக் காரணத்தால் இறந்தாலும், பின்னது விபத்தில் இறந்தால், ₹2 லட்சம் தரும். மே கடைசி வாரம் பணம் பிடிப்பார்கள். கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு சத்தமில்லாமல் நின்றுபோகும். பல குடும்பங்களுக்கு இது இழப்புக்குப் பிறகுதான் தெரிகிறது. ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கில் பதிவு போட்டு, இரண்டு தொகையும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.